சில்லறைச் சுருளில் ஒரு கடைக்காரர் காசு

பொற்காசு மன்னர்தம் பெருமையைக் கூறும். செப்புக்காசோ சந்தைக்கு வந்த எளிய மக்களின் பாட்டைக் கூறும். அவ்வாறு கூறும் செப்புக்காசு ஒன்றினை அமெரிக்க நாட்டிலிருந்து எடுத்து இங்கு ஆராய்வோம்.

அமெரிக்க வங்கிகளில் ஐம்பது ஒரு சென்ட் காசுகளைத் தாளில் சுருட்டி விற்பர். அரை டாலர் கொடுத்து அச்சுருளை வாங்கி, ஒவ்வொரு காசாகப் புரட்டிப் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டோர் அங்குப் பலர். அவர்கள் கைக்குப் பெரும்பாலும் கிட்டுவன லிங்கன் தலை பொறித்த அண்மைக்காலக் காசுகளே. இடையிடையே 1909 முதல் 1958 வரை வெளிவந்த கோதுமைக்கதிர்க் காசு தென்படும். செம்பு போருக்குத் தேவைப்பட்டமையால் 1943இல் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்த வெண்ணிறக் காசும் சிக்குவதுண்டு. அது காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அரிதாக 1859 முதல் 1909 வரை வழங்கிய 'இந்தியத் தலை' காசு கிடைக்கும். பெயர்தான் அப்படி, அதில் இருப்பது இறகுமுடி சூடிய சுதந்திர தேவியின் உருவம்.

மிக மிக அரிதாக, அரசு அடிக்காத காசொன்றும் சுருளிலிருந்து விழும். 1863 என்று ஆண்டு பொறித்த, ஏதோவொரு கடையின் பெயர் தாங்கிய 'டோக்கன்' அது. குறுக்களவில் ஒரு சென்ட்டை ஒத்திருப்பதால் எண்ணும் பொறியும் அதனைப் பிரித்தறிவதில்லை.

இது தோன்றிய வரலாறே நம் கருத்துக்குரியது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. நாளை என்னாகுமோ என்று அஞ்சிய மக்கள் முதலில் பொன்னையும் வெள்ளியையும் பதுக்கினர். 1862இல் ஒரு சென்ட் காசும் கடைவீதியில் மறைந்தது. அஞ்சல் தலையைச் சில்லறையாகக் கொள்ள அரசு இசைவளித்தது. பசை தடவிய தலைகள் வியர்த்த கைகளில் ஒட்டிக்கொண்டன! சில்லறைக்கு ஈடாக மிட்டாய் பெற்றுத் திரும்பிய நமக்கு அந்த இடர்ப்பாடு எளிதில் விளங்கும்.

அரசு செய்ய இயலாததை வணிகர் செய்தனர். மளிகைக் கடையினரும் மது விற்போரும் தத்தம் பெயரில் செப்பு வில்லைகளை அடித்து வழங்கினர். இவ்வாறு வெளிவந்தவை இரண்டரைக் கோடி இருக்கலாமென மதிப்பிடுவர். சிலவற்றில் 'ஒரு சென்ட்' எனப் பெரிதாகவும், அதன்மேல் 'அன்று' எனும் பொருள்படச் சிறிதாகவும் பொறித்திருந்தனர். கள்ளக்காசுச் சட்டத்திலிருந்து தப்பும் சூழ்ச்சி அது. நியூயார்க்கில் லிண்டன்முல்லர் என்னும் மதுக்கடைக்காரர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வில்லைகளை வழங்கினார். குதிரை டிராம் நிறுவனமொன்று, பயணியரிடம் பெற்று குவித்தவற்றுக்குப் பணம் கேட்டபோது, அவர் நகைத்து மறுத்தார் என்பர். நிறுவனத்தார் அவரை ஒன்றும் செய்ய இயலவில்லை. தனியார் காசின் குறைபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை என்பது நம் கருத்து.

1864இல் அரசு தனியார் காசுகளைத் தடை செய்தது. ஆனால் தடுத்தவற்றிடமிருந்தே பாடமும் கற்றது. அதுவரை சென்ட் காசு நிக்கல் கலந்து, தடித்து, 4.67 கிராம் எடையோடு இருந்தது. மெல்லிய செப்பு வில்லையையும் மக்கள் தயங்காது ஏற்றதைக் கண்ட அரசு, அதே ஆண்டு முதல் 3.11 கிராம் எடையுள்ள வெண்கலச் சென்ட்டை அடிக்கத் தொடங்கியது. 1943 நீங்கலாக, அந்த எடை 1982 வரை நிலைத்தது. அவ்வாண்டில்தான் செம்பு பூசிய துத்தநாகக் காசு வந்து எடை 2.5 கிராம் ஆயிற்று. தடை செய்யப்பட்ட கடைக்காரர் வில்லையின் சாயல், அரசின் காசிலேயே நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தது எனலாம்.

இத்தகைய வில்லை கிடைத்தோர் அதனைப் புளியிட்டுத் துலக்கிவிடலாகாது. காலம் படிந்த கருநிறம் போயின், ஆய்வாளரும் சேகரிப்போரும் அதனை மதியார்.

2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியா அக்கசாலையில், புழக்கத்திற்கான இறுதிச் சென்ட் அடிக்கப்பட்டது. ஆயினும் முன்னர் அடித்தவை செல்லத்தக்கனவாகவே உள்ளன. சுருள்களைப் பிரிப்போர் இன்னும் பிரித்துக்கொண்டுதான் இருக்கின்றனர்.