வலிக்காத காலையும் தினமும் பாருங்கள்



சீனி வியாதி உள்ளவர்களைப் பார்க்க லயத்துக்குப் போனால், "கால் எப்படி இருக்கு?" என்று நாங்கள் கேட்பது வழக்கம். "ஒரு வலியும் இல்லீங்க" என்பார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டு நிம்மதியாகத் திரும்பி வருவோம். இப்போது செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

ஒரு மழைக்காலத்தில், கொழுந்தெடுத்து நனைந்து வந்த அம்மா ஒருவர் அடுப்போரம் காலை நீட்டிக் குளிர் காய்ந்தார். பாதம் வெந்து கொப்புளம் போட்டது அவருக்குத் தெரியவேயில்லை. அந்தக் காலோடே மலைக்குப் போய் வந்தார். சில நாள் கழித்துப் பேத்திதான் புண்ணைக் கண்டாள். அப்போதும், "டிஸ்பென்சரிக்குப் போனா பேர் போயிடும்" என்று நாளைக் கடத்தினார். கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி ஆகிறது? இரத்தத்தில் சீனி பல வருஷம் கூடியிருந்தால் நரம்புகள் பழுதாகும். பாதம்தான் பெரும்பாலும் முதலில் மரத்துப் போகும். சிலருக்கு எரியும், எறும்பு ஊர்வது போல இருக்கும். பிறகு முள் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. காலுக்கு இரத்தம் ஓடுவதும் குறைவதால் புண் லேசில் ஆறாது.

ஆகவே தினமும் செய்ய வேண்டியவை:

1. வேலை முடிந்து வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால் கழுவுங்கள். சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடையுங்கள்.

2. நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், குதி, விரல் இடுக்கு எல்லாம் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். கண் மங்கியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

3. குதி வெடித்திருந்தால் தேங்காயெண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் தடவ வேண்டாம்.

4. நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள்.

5. லயத்து வாசலுக்குக்கூட வெறுங்காலோடு இறங்காதீர்கள். சப்பாத்தை உதறி, உள்ளே கைவிட்டுப் பார்த்துப் போடுங்கள். கல்லோ கவ்வாத்துக் குச்சியோ உள்ளே கிடக்கலாம்.

6. அட்டை கடித்த இடத்தைச் சொறியாமல் கழுவிச் சுத்தமான துணியால் கட்டுங்கள். நெருப்போ சுண்ணாம்போ வைக்காதீர்கள்.

7. குளிருக்கு அடுப்பில் கால் காட்டாதீர்கள். காய்ந்த காலுறை போடுங்கள்.

கொப்புளம், புண், சிவப்பு, வீக்கம், சீழ், கறுப்பு நிறம், இவற்றில் எதைக் கண்டாலும், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே டிஸ்பென்சரியில் காட்டுங்கள். காய்ச்சலும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிளினிக் நாளில் டாக்டர் கேட்காவிட்டாலும் காலைக் காட்டுங்கள். மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். பீடி, சிகரட் காலுக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைக்கும், விட்டுவிடுங்கள்.

ஒரு நாள் பேர் போனால் மறுநாள் உழைத்துக்கொள்ளலாம். போன விரல் திரும்பி வராது. அந்த அம்மாவின் காலை இப்போது பேத்திதான் தினமும் விளக்கு வைத்ததும் பார்க்கிறாள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கட்டும். இன்று இரவே தொடங்குங்கள்.