கல்வராயன் மலையில் கள ஆய்வு: ஏக்கரைக் கேட்காமல் நிலத்தை அறிவது எப்படி?

சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் முதுகலை மாணவர்களுக்குக் கல்வராயன் மலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. புதுச்சேரி, சேலம், சிதம்பரம், திருச்சி என எங்கே படித்தாலும், காலையில் கிளம்பினால் கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மாலைக்குள் வெள்ளிமலை போய்விடலாம். அடிவாரத்தில் முட்புதர்க் காடு, அதற்கு மேலே இலையுதிர் காடு, உச்சிப் பகுதிகளில் சோலை. இடையிடையே மலையாளிப் பழங்குடியினரின் கொல்லைகள். சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியதால் மண் என்ன ஆனது என்ற கேள்வி, போனவுடனே யாருக்கும் தோன்றும். நல்ல கேள்விதான். ஆனால் அந்த ஆய்வு பெரும்பாலும் வினாத்தாளின் மூன்றாம் வரியிலேயே தரைதட்டிவிடும்: “உங்களுக்கு மொத்தம் எத்தனை ஏக்கர்?”

அதற்கு வருமுன் சில்லறை வேலைகள். தலைப்பைச் சுருக்க வேண்டும். ‘கல்வராயன் மலையில் நிலப் பயன்பாட்டு மாற்றம்’ என்பதை ஒரு பருவத்தில் முடிக்க முடியாது. இரண்டு ஊர், இரண்டு பயிர், ஒரு போகம் போதும். காப்புக்காட்டுக்குள் கால் வைக்கும் ஆய்வு என்றால் வனத்துறைத் தலைமையகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம், வரைபடம், தேதிகள் எல்லாம் சேர்த்துப் பல மாதங்களுக்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது. கொல்லைகளோடு நிற்கும் ஆய்வானாலும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை வாங்கி, கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், ஊர்க் கவுண்டர் ஆகியோரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

இன்னொன்று, மலை ஒன்று என்றாலும் மாவட்டம் ஒன்றல்ல. வெள்ளிமலையும் சேராப்பட்டும் கள்ளக்குறிச்சி மாவட்டம், கருமந்துறை சேலம் மாவட்டம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே 2019 நவம்பரில்தான். அதற்கு முந்தைய புள்ளிவிவரம் விழுப்புரம் மாவட்டக் கையேடுகளில் கிடக்கும். 1993-க்கு முந்தையது தென்னார்க்காடு தொகுப்புகளில். இது தெரியாமல் கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் 1980-களின் சாமைப் பரப்பைக் கேட்டு அலைவது வீண்.

இனி ஏக்கர் விஷயம். இங்கே அவசரப்படக் கூடாது.

இந்த மலை நெடுங்காலம் சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்தது. 1976-ல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. தலைமுறைகளாக உழுத நிலத்தில் கொஞ்சத்துக்குப் பட்டா உண்டு, கொஞ்சத்துக்கு இல்லை, கொஞ்சம் வனத்துறைக் கணக்கில் இருக்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பழங்குடிக் குடும்பம் உழுதுவரும் வன நிலத்துக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை, உரிமை கோரலாம். ஆனால் 2008-ன் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே வழி திறந்தது. மனு கொடுத்துக் காத்திருக்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கையில் படிவத்தோடு வந்த வெளியூர்ப் பிள்ளை “எத்தனை ஏக்கர்?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? பட்டாவில் இருப்பது மட்டும் வரும். அல்லது “ஏதோ கொஞ்சம் இருக்குது தம்பி” என்று வரும். அந்த எண்ணை மேசைக் கணினியில் ஏற்றி வரைபடம் போட்டால், அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

ஊர் தயங்குவதற்கு நிலம் மட்டுமே காரணமல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன்பின் போலீஸ் சோதனைகள் மலைக்கும் வந்தன. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. கேள்வி கேட்க வரும் புதுமுகத்தை ஊர் உற்றுப் பார்ப்பதில் வியப்பில்லை. சாராயம், செம்மரக் கடத்தல் இரண்டும் ஆய்வின் பொருளாக இல்லாதவரை பேச்சில்கூட வரக் கூடாது.

சரியான வழி இதுதான். முதல் நாள் படிவம் வேண்டாம், ஜிபிஎஸ் வேண்டாம். யார், எங்கே படிக்கிறார், எதற்காகக் கேட்கிறார், எழுதியதை யார் படிப்பார்கள் என்பதைத் தமிழில் நேராகச் சொல்ல வேண்டும். அடுத்த நாள் வீட்டுக்காரர் கொல்லைக்குப் போகும்போது கூடவே நடக்க வேண்டும். நடக்கும்போது ஏக்கரை விட்டுவிட்டுப் பயிரைக் கேட்க வேண்டும்: “ஐயா, போன வருசம் இதுல என்ன போட்டீங்க? எத்தனை கட்டுக் குச்சி ஆச்சு?”

ஏக்கரைச் சொல்லத் தயங்குபவருக்கும் மரவள்ளிக் குச்சிக் கணக்கு தெரியும். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. ஒரு கட்டைப் பிரித்து எண்ணிப் பார்க்க வேண்டும், ஒரு குச்சியிலிருந்து எத்தனை கரணை வெட்டுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். பிறகு கொல்லையில் பத்துச் செடிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நாடாவால் அளந்து சராசரி எடுக்க வேண்டும். இருபுறமும் 3 அடி இடைவெளி என்றால் ஒரு செடிக்கு 9 சதுர அடி. ஏக்கர் 43,560 சதுர அடி என்பதால் ஏக்கருக்கு 4,840 செடி. 3,000 கரணை நட்டவரின் கொல்லை சுமார் 62 சென்ட். சாமைக்கு விதை அளவு உதவும், ஆனால் அதைக் கண்ணை மூடி நம்பக் கூடாது. கைவிதைப்புக்கு வேளாண் பரிந்துரை ஹெக்டேருக்கு 12.5 கிலோதான், மலைச் சரிவில் ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு அளவு வீசும். இரண்டு மூன்று கொல்லைகளில் ஒப்புதலோடு அளந்து, அந்த ஊருக்கான விகிதத்தை அமைத்துக்கொள்வதே நேர்மை.

இந்தக் கணக்கு திருட்டுத்தனமாக நிலத்தை அளக்கும் உத்தியாகிவிடக் கூடாது. குச்சிக் கணக்கிலிருந்து பரப்பு கண்டுபிடிக்கப்போவதையும் அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் அந்தக் கொல்லையை விட்டுவிட வேண்டும். சாமை எவ்வளவு குறைந்து மரவள்ளி எவ்வளவு கூடியது என்பதுதான் கேள்வி என்றால், ‘அஞ்சுல மூணு பங்கு மரவள்ளி’ என்ற பதிலே பாதி ஆய்வுக்குப் போதும்.

செயற்கைக்கோள் படம் இருக்கிறதே என்பார்கள். சென்டினல்-2 இலவசம்தான், ஆனால் அதன் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். கால் ஏக்கர்க் கொல்லைக்குப் பத்துப் புள்ளிதான் கிடைக்கும், அதிலும் பாதி வரப்பையும் பக்கத்துப் புதரையும் சேர்த்துக் காட்டும். மழைக்காலத்தில் மேகம் வேறு. ஊர் அளவில் போக்கைப் பார்க்க உதவும், வீட்டுக் கணக்குக்கு உதவாது.

விளைச்சலைக் கேட்கும்போது ‘வழக்கமாக’ என்ற சொல்லையே தவிர்த்து, போன அறுவடையை மட்டும் கேட்பது நல்லது. மூட்டை என்றால் எத்தனை கிலோ மூட்டை என்று உடனே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மரவள்ளி சேகோ ஆலைக்குப் போயிருந்தால் எடைச் சீட்டு வீட்டுக் கூரையில் செருகியிருக்கலாம். எடையோடு, மாவுச்சத்துக்கு ஆலை போட்ட ‘பாயின்ட்’டும் தெரிந்தால் இன்னும் நல்லது. எந்த வினாத்தாளைவிடவும் அந்தச் சீட்டு மேல்.

மண் எடுப்பது எளிது. மேல் குப்பையை ஒதுக்கி, V வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து சீவி எடுக்க வேண்டும். பல இடத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி அரைக் கிலோவாக்க வேண்டும். உலர்த்துவது நிழலில். சரிவில் மட்டும் மேல், நடு, கீழ் மூன்றையும் தனித்தனிப் பையில் போட வேண்டும். அரித்துப்போன மண் கீழே படிந்திருக்கும். மூன்றையும் கலந்தால் தேடி வந்த விடையே கரைந்துபோகும்.

எழுதும்போது பெயருக்குப் பதில் குறியீடு. புல எண்ணும் ஜிபிஎஸ் புள்ளியும் பிற்சேர்க்கையில்கூட வரக் கூடாது. முனைவர் பட்ட ஆய்வேடென்றால் ‘ஷோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் யாரும் திறந்து படிக்கலாம், வழக்கில் எதிர்த்தரப்பும் படிக்கலாம். குறியீட்டுக்கான பெயர்ப் பட்டியல் தனி நோட்டில், மாணவரின் கையிலேயே இருக்கட்டும்.

மண் பரிசோதனை முடிவுகளை ஆய்வேடு முடியும்வரை பூட்டி வைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கொல்லைக்கும் ஒரு பக்கம், தமிழில், கார அமிலத்தன்மையும் கரிமச்சத்தும் என்ன என்று எழுதி ஆடி விதைப்புக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்து, வாசித்தும் காட்ட வேண்டும். தபாலில் அனுப்பினால் போதாது. வாசிக்கும்போதுதான் “இது மேட்டுக் கொல்லை இல்லையே, ஓடைக்குப் பக்கத்துல இருக்குறது” என்று கொல்லைக்காரர் திருத்துவார், பைகளில் மாறி ஒட்டிய சீட்டும் அப்போது தெரியவரும்.