பிளந்த றாம்ப்: கடை கைகழுவ முடியுமா?

கேள்வி: நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் விடுமுறைக்குப் போய்வர, 3,500 கிலோ எடைவரம்புள்ள பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வைத்திருக்கிறோம். சரிவான நிலத்தில் வானை மட்டமாக நிறுத்துவதற்காக, ஏப்ரலில் இணையக் கடையொன்றில் பிளாஸ்ரிக் றாம்ப் ஒரு சோடி 48 பவுணுக்கு வாங்கினேன். '5 தொன்' என்று போட்டிருந்தது. யூலையில் கெஸ்விக் பக்கம் ஒரு முகாமில் பின் சில்லை மேல்படிக்கு ஏற்றி நிறுத்தியபோது ஒரு றாம்ப் பிளந்து வான் சறுக்கி இறங்கியது. பின் பம்பர் உடைந்துவிட்டது. கராஜில் 640 பவுண் கேட்கிறார்கள். கடைக்கு எழுதினேன். 30 நாள் கடந்துவிட்டதாம், நான் பிழையாகப் பாவித்திருப்பேனாம், தயாரிப்பாளரைக் கேட்கட்டாம். பம்பர் காசையும் கேட்க வழி உண்டா? அடுத்த தடவை எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர், ஹாரோ

பதில்: கேட்க வழி உண்டு. றாம்ப் காசு கிடைப்பது ஓரளவு சுலபம். பம்பர் காசுக்கு நீங்கள் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

"தயாரிப்பாளரைக் கேளுங்கள்" என்பது சட்டப்படி அடியோடு பிழை. நீங்கள் காசு கொடுத்தது கடைக்கு, ஒப்பந்தமும் கடையோடுதான். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம், பொருள் தரமாகவும் சொன்ன வேலைக்கு ஏற்றதாகவும் விவரித்தபடியும் இருக்க வேண்டும் என்ற பொறுப்பைக் கடையின் தலையில்தான் வைக்கிறது. தரம் என்றால் அதில் பாதுகாப்பும் நீடித்து உழைப்பதும் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. இந்தப் பொறுப்பு தனக்கில்லை என்று கடை தன் நிபந்தனைகளில் எழுதி வைத்தாலும் அது செல்லாது. எங்கள் சனம் பெரும்பாலும் இந்த ஒரு பதிலோடேயே அலுத்துப்போய் விட்டுவிடுகிறது. நீங்கள் விடாதீர்கள்.

30 நாள் என்பது பாதி உண்மை. பழுதான பொருளைத் திருப்பிக் கொடுத்து உடனேயே முழுக் காசையும் வாங்கும் உரிமைக்குத்தான் அந்தக் கெடு. அது கடந்தாலும், திருத்தித் தா அல்லது மாற்றித் தா என்று கேட்கும் உரிமை இருக்கிறது. பிளந்த பிளாஸ்ரிக்கை யாரும் திருத்த முடியாது. ஆகவே புதிய சோடி தரவேண்டும். நியாயமான காலத்துக்குள் தராவிட்டால், அல்லது தந்ததும் பழுதென்றால், பொருளை நிராகரித்துக் காசைத் திருப்பிக் கேட்கலாம். வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால், நீங்கள் பாவித்ததற்கென்று கடை ஒரு பென்னியும் கழிக்க முடியாது.

அந்த ஆறு மாதத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. அதற்குள் வெளிப்பட்ட பழுது, பொருள் கைக்கு வந்த நாளிலேயே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை, நீங்கள்தான் பிழையாகப் பாவித்தீர்கள் என்றால் அதைக் கடைதான் நிரூபிக்க வேண்டும். உங்கள் றாம்ப் மூன்று மாதத்தில் பிளந்தது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தச் சாதகம் மாற்றித் தருவதற்கும் காசைத் திருப்பித் தருவதற்கும் மட்டுமே. பம்பருக்கு நீங்கள் கேட்பது நட்டஈடு. றாம்ப் பழுதானது, அதனால்தான் பம்பர் உடைந்தது என்ற இரண்டையும் நீங்களே காட்ட வேண்டும். நீதிமன்றம் பார்ப்பது, உங்கள் சொல்லை நம்புவது கூடுதல் சாத்தியமா என்பதைத்தான். கொலை வழக்குக்குக் கேட்கும் அளவு நிரூபணம் தேவையில்லை. ஆனால் ஆதாரம் வேண்டும்.

முதலாவது ஆதாரம் அந்த '5 தொன்'. உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தையும் ஒட்டுச் சீட்டையும் பாருங்கள். 5 தொன் எதற்கு? ஒரு றாம்புக்கா, சோடிக்கா, வானின் மொத்த எடைக்கா? கடைக்குக் கடை ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். உங்கள் வகை வான்களில் பின் அச்சின் எல்லை பெரும்பாலும் 2,000 கிலோ அளவில் இருக்கும். ஒரு சில்லில் விழுவது ஏறத்தாழ 1,000 கிலோ. ஒரு றாம்ப் 5 தொன் தாங்கும் என்று எழுதியிருந்து 1,000 கிலோவில் பிளந்திருந்தால் உங்கள் பக்கம் மிகப் பலம். 5 தொன் வாகனத்துக்கு ஏற்றது என்றுதான் எழுதியிருந்தால் கணக்கு மாறும்: சில்லொன்றுக்குச் சராசரி 1,250 கிலோ. அப்போதும் நீங்கள் எல்லைக்குள்தான், ஆனால் இடைவெளி குறைவு. விற்பனைப் பக்கத்தில் இருந்த வாசகத்தையும் இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளை மாற்றிவிடக்கூடும்.

இரண்டாவது ஆதாரம் உங்கள் வானின் உண்மையான எடை. கடை வழக்காட வந்தால் முதலில் சொல்லப்போவது "பாரம் கூட ஏற்றியிருப்பார்" என்பதுதான். அன்று போனது போலவே சாமான், சைக்கிள், தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு பொது வெய்பிரிட்ஜுக்குப் போங்கள். தண்ணீர்த் தாங்கியில் 100 லீற்றர் என்றால் அதுவே 100 கிலோ. முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என்று மூன்றையும் தனித்தனியாக நிறுத்துத் துண்டு வாங்குங்கள். வானில் உள்ள தகட்டில் மொத்த எடைக்கும் ஒவ்வொரு அச்சுக்கும் எல்லை குறித்திருக்கும். துண்டை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3,500 கிலோவைத் தாண்டியிருந்தால் மறைக்காமல் சொல்கிறேன், உங்கள் வழக்கு நலிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், எல்லை மீறிய பாரத்தோடு வீதியில் ஓடுவதே குற்றம். பாரத்தைக் குறைக்காமல் வானை எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, அன்றைய நிலம். அடியில் குடைவாக உள்ள பிளாஸ்ரிக் றாம்பை மேடுபள்ளத்தில் வைத்தால் நடுப்பகுதி அந்தரத்தில் நின்று பிளக்கும். றாம்போடு வந்த கைநூலில் உறுதியான சமதரையில் வைக்கச் சொல்லியிருந்தால் கடை அதைப் பிடித்துக்கொள்ளும். மனைவியோ பிள்ளைகளோ அன்று எடுத்த படங்களில் றாம்பும் தரையும் தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள். துண்டுகளை எறியாதீர்கள். கடை கேட்டாலும் படமெடுக்காமல், எழுத்தில் உறுதி வாங்காமல் அனுப்பிவிடாதீர்கள்.

கடை மூடிவிட்டால், அல்லது அடம்பிடித்தால், தயாரிப்பாளரிடமும் போகலாம். 1987ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள பொருளால் சொந்தப் பாவனைக்கான உடைமைக்கு 275 பவுணுக்கு மேல் சேதம் வந்தால், கவனயீனத்தை நிரூபிக்காமலே தயாரிப்பாளரிடமோ நாட்டுக்குள் இறக்குமதி செய்தவரிடமோ கேட்கலாம். 640 பவுண் அந்த வரம்பைத் தாண்டுகிறது. மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். றாம்பின் 48 பவுண் இதில் வராது. தயாரித்தவர் யார் என்று கடையிடம் எழுதிக் கேளுங்கள். நியாயமான காலத்துக்குள் சொல்லாவிட்டால் கடையே அந்தப் பொறுப்பையும் சுமக்க வேண்டி வரலாம். ஒரு எச்சரிக்கை: வானை வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பவர் என்றால் நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

கடனட்டையில் வாங்கினால் வங்கியையும் பொறுப்பாக்கும் 75ஆம் பிரிவைப் பற்றிப் பலர் கேட்பார்கள். பொருளின் விலை 100 பவுணுக்கு மேல் இருக்க வேண்டும். உங்களுக்கு உதவாது.

செய்ய வேண்டியது இது. கடைக்கு ஒரு கடிதம்: வாங்கிய திகதி, உடைந்த திகதி, எடைத் துண்டின் பிரதி, கராஜின் மதிப்பீடு. மாற்றுச் சோடி அல்லது 48 பவுண், அதோடு பம்பருக்கு 640 பவுண், 14 நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் சிறு கோரிக்கை வழக்கை இணையத்திலேயே தொடங்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரை இந்த வழிதான். கடை எதிர்த்து நின்றால் 2024 மே முதல் இலவசத் தொலைபேசிச் சமரசப் பேச்சில் கலந்துகொள்வது கட்டாயம். பயப்பட வேண்டாம். இந்த அளவுத் தொகைகள் பல அந்த ஒரு அழைப்பிலேயே முடிந்துவிடக் கூடியவை. ஆனால் 640க்குக் குறையாமல் பிடித்து நிற்பதா, 500க்கு இறங்குவதா என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசித் தீர்மானியுங்கள்.

இனி வாங்குவதைப் பற்றி. றாம்ப் ரயரைவிட அகலமாக இருக்க வேண்டும். உங்கள் வகை வான்களில் ரயர் பெரும்பாலும் 225 மில்லிமீற்றர் அகலம். பக்கவாட்டில் பிதுங்கி நின்றால் ரயரின் பக்கச் சுவர் பழுதாகும். பின்னால் இரட்டைச் சில்லுள்ள வான் என்றால் இரண்டும் படியில் முழுதாக உட்கார வேண்டும். சில்லு பின்னோக்கி உருளாமல் தடுக்கும் கட்டையும் அதே றாம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பலாம், ஆனால் வானை ஏற்றிப் பார்த்துச் சேறும் கீறலுமாய் அனுப்பினால் கடை காசைக் கழிக்கலாம். அளவை நாடாவால் பாருங்கள், ஏற்றுவது பிறகு.

வாங்கும் முன் கடைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "எனது வான் 3,500 கிலோ, பின் அச்சு இத்தனை கிலோ, ரயர் இந்த அளவு. இந்த றாம்ப் பொருந்துமா? எழுதியுள்ள எடை ஒரு றாம்புக்கா, சோடிக்கா?" அந்தத் தேவையைத் தெரிந்துகொண்டு கடை விற்றால், அந்தத் தேவைக்கு அது ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். எழுத்தில் பதில் சொல்ல மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.