எமுலேட்டரில் ஓடியது, போனில் ஏன் விழுந்தது?

மொபைல் போன் மென்பொருளுக்கு லண்டன் ஒரு தலைநகரமாக இருந்த காலம் உண்டு. டேவிட் பாட்டர் 1980-இல் அங்கே தொடங்கிய சையான் நிறுவனத்தின் மென்பொருள் பிரிவுதான் 1998 ஜூனில் சிம்பியன் ஆனது. நோக்கியாவும் எரிக்சனும் பங்காளிகள். போனுக்கான புரோகிராமை அன்று பொதுவாகப் போனிலேயே உருவாக்கவில்லை. விண்டோஸ் கணினியில் உட்கார்ந்து போனின் ஏஆர்எம் சிப்புக்காக உருவாக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் கிராஸ் கம்பைலர். அதோடு லிங்கர், சி லைப்ரரி, ஹெடர் கோப்புகள் எல்லாம் சேர்ந்தால் டூல்செயின். சிம்பியன் மறைந்துவிட்டது. அந்தக் காலத்து நம்பிக்கைகள் மறையவில்லை.

நம்பிக்கை: எமுலேட்டரில் ஓடினால் போனிலும் ஓடும்.

உண்மை: சிம்பியன் எமுலேட்டர் ஏஆர்எம் சிப்பைப் பாவனை செய்யவே இல்லை. அதே சி++ நிரலை வேறொரு கம்பைலர் இன்டெல் சிப்புக்காகத் தொகுத்துத் தரும். அது விண்டோஸில் சாதாரணப் புரோகிராமாக ஓடும். ஆகவே அங்கே சோதித்தது வேறு கம்பைலர் தந்த வேறு பைனரியை. டிஎல்எல் ஒன்றில் மதிப்பு மாறக்கூடிய குளோபல் மாறி இருந்தால் எமுலேட்டர் முணுமுணுக்காது. ஏஆர்எம் பில்டின் கடைசிக் கட்டத்தில் கருவி மறுத்துவிடும்; நினைவகத்தை மிச்சம் பிடிக்க அத்தகைய தரவை அன்றைய சிம்பியன் டிஎல்எல்களில் அனுமதிக்கவில்லை. இன்னொன்று: நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து 32 பிட் எண்ணைப் படித்தால் இன்டெல் பொறுத்துக்கொள்ளும். போனிலோ புரோகிராம் அங்கேயே விழும். நிரலாளர் தன் லாஜிக்கைத் திரும்பத் திரும்பத் துருவிக்கொண்டிருப்பார், பாவம்.

நம்பிக்கை: கம்பைலர் பெயர் சரியாக இருந்தால் பைனரி எங்கும் ஓடும்.

உண்மை: ஃபங்ஷனுக்கு மதிப்புகளை எந்த ரெஜிஸ்டரில் கொடுப்பது, ஸ்டேக்கை எப்படி அடுக்குவது என்ற உடன்பாட்டை ஏபிஐ என்பார்கள். 1998 வாக்கில் வந்த ஜிசிசி கம்பைலரையே சிம்பியன் பல ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தது இந்த உடன்பாடு மாறாமல் இருக்கத்தான். 2005-இல் சிம்பியன் இயங்குதளத்தின் 9.1 பதிப்பு புதிய ஏஆர்எம் ஏபிஐ-க்கு மாறியது. பழைய செயலிகளின் பைனரிகள் அதில் ஓடவில்லை, எல்லாவற்றையும் திரும்பத் தொகுக்க வேண்டியிருந்தது.

ஏபிஐ ஒன்றாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. 2012-இல் வந்த முதல் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் இருப்பது ஏஆர்எம்வி6 சிப். டெபியன் லினக்ஸின் ஆர்ம்ஹெச்எஃப் பதிப்போ ஏஆர்எம்வி7-ஐ அடிப்படையாகக் கொண்டது. ராஸ்பியன் பிறந்ததே இந்த இடைவெளியை நிரப்பத்தான். இன்றும் டெபியன் தரும் கிராஸ் கம்பைலரால் உருவாக்கிய புரோகிராமை அந்தப் பழைய ராஸ்பெரி பையில் போட்டால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று நின்றுவிடும். டெபியன், ராஸ்பியன் இரண்டின் டூல்செயின்களுக்கும் பெயர் ஒன்றுதான். இப்படிப் பெயர் வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

நம்பிக்கை: திரையில் கடைசியாக வந்த எரர்தான் காரணம்.

உண்மை: டூல்செயினை நாமே உருவாக்க ஜிசிசி-யைத் தொகுக்கும்போது ‘ஆப்ஜெக்ட் கோப்பின் பின்னொட்டைக் கண்டறிய முடியவில்லை’ என்ற செய்தி பிரபலம். பின்னொட்டுக்கும் சிக்கலுக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும், அப்போதுதான் உருவான கம்பைலருக்கு ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய கணித லைப்ரரிகளில் ஒன்று அகப்பட்டிருக்காது. உண்மைக் காரணம் அந்தந்தத் துணை அடைவின் கான்ஃபிக் லாக் கோப்பில் எழுதியிருக்கும். இதைத் தீர்க்கச் சிலர் எல்டி லைப்ரரி பாத் மாறியை அமைக்கிறார்கள். அது அமைந்திருந்தால், டூல்செயின்களை உருவாக்கித் தரும் கிராஸ்டூல்-என்ஜி வேலையைத் தொடங்கவே மறுக்கும். ஜிசிசி-யோடு வரும் ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் அந்த மூன்றின் மூல நிரலையும் அதுவே இறக்கித் தரும், சேர்த்தே தொகுத்துக்கொள்ளலாம். பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினால் எரர்கள் கலந்துவிடும். ஒற்றை வேலையாக ஓட்டிப் பாருங்கள்.

நம்பிக்கை: ரூட் பயனராக ஓட்டினால் எல்லாம் சரியாகும்.

உண்மை: இதையும் கிராஸ்டூல்-என்ஜி மறுக்கும். ரூட்டாக ஓட்டும்போது நிறுவும் பாதை தவறினால் உங்கள் கணினியின் சொந்தக் கம்பைலரே அழியலாம்.

உதவி கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தக் கணினியில் தொகுத்தீர்கள், எந்தச் சிப்பில் ஓட வேண்டும், முதலில் வந்த எரர் எது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். திரையின் கடைசி வரியை மட்டும் படம் பிடித்து அனுப்பாதீர்கள்.