பேனாக் கோட்டைத் தாண்டிய சிவப்பு

அப்பாவின் ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அடியில் சீமைக்கருவேல முள் ஒடிந்து நின்றது. உள்பக்கம் தடவினால் முனை நெருடியது. அந்தச் செருப்போடு மூன்று நாள் மேலூர்ப் பக்கத்து வயலுக்குப் போய்வந்திருக்கிறார். வலிக்கவே இல்லையாம். பதினைந்து வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்தது.

நாலாம் நாள் குளிர்காய்ச்சல். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. "சுளுக்காத்தான்டா இருக்கும்" என்றார் அப்பா. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டார். நானும் ஒரு ராத்திரி பொறுத்துப் பார்த்தேன். பொறுத்திருக்கவே கூடாது.

காலையில் பக்கத்துத் தெரு நர்ஸ் அக்கா வந்தார். காலில் சிவப்பு முடிகிற இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியும் எழுதினார். 108இல் ஏற்றி மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறிவிட்டது. டாக்டர் முதலில் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். கெண்டைக்காலை அமுக்கினார், தோலுக்கடியில் நறநறவென்றது. உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது என்றார். தசையை மூடியிருக்கும் சவ்வு வழியாகப் புரையோடுகிறது, மேலே தெரிவதைவிட உள்ளே அதிகம். செத்த சதைக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு ஊசி மருந்தும் போகாது. வெட்டியெடுத்தே ஆகவேண்டும். அன்றைக்கே ஆபரேஷன், இரண்டு நாள் கழித்து மறுபடியும். இரண்டு விரல் போனது, கால் தப்பியது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, புண் ஆற மாதங்கள் ஆயின.

சர்க்கரை உள்ளவர் வீட்டில் இருந்தால் வலியை நம்பிக் காத்திருக்காதீர்கள். வீக்கம் கல் மாதிரி இறுகினாலோ, கொப்புளம் கறுத்தாலோ, புண் நாறினாலோ, சிறு புண்ணோடு காய்ச்சலோ பிதற்றலோ வந்தாலோ, பேனாக் கோடு போட்டுவிட்டு அந்த நிமிஷமே ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கோடு தாண்டுகிறதா என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டாம். பத்து வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். மரத்த கால் வெந்துபோனாலும் சொல்லாது. இதே அழுகல் பிறப்புறுப்பைச் சுற்றியும் வரும். கூச்சத்தில் மறைத்து உயிரை விட்டவர்கள் உண்டு.

1946இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணாவது வலி தெரியாததால்தான் என்று காட்டினார். சர்க்கரைக் காலுக்கும் அதுவே பொருந்தியது. தொழுநோயாளிகளுக்காக வந்த மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பைத்தான் இப்போது அப்பா போடுகிறார். ஆனால் எந்தச் செருப்பையும் முள் துளைக்கும். அதனால் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே விரல் விட்டுத் தடவுகிறார். அப்பா காலைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, அடிப்பாதத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறார். நான் டார்ச் அடிக்கிறேன்.

சித்திரையில் அழகர் வைகையில் இறங்குவதை ஒரு வருஷமும் விட்டதில்லை அவர். போன முறையும் வந்தார், காலில் செருப்போடு. "சாமி கோவிச்சுக்காதாடா?" என்று பாலத்துப் பக்கம் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். நான் அவர் கையை விடவில்லை, செருப்பைக் கழற்றவும் விடவில்லை.