பார்த்தீனியம் பூக்கும் முன்னே…

அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, கழுத்திலும் இமையிலும் தடிப்பு. ஆரல்வாய்மொழிக் காற்று வீசும் மாதங்களில் இதற்கெல்லாம் தூசியைத்தான் குற்றம் சொல்வோம். வேலியோரத்துப் பார்த்தீனியத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

1. கேரட் இலைபோலப் பிளந்த இலை, கொத்துக் கொத்தாகப் பொடி வெள்ளைப் பூ, அதுதான். 1950-களில் புனே பக்கம் பெருகத் தொடங்கி நாடெங்கும் பரவிய அமெரிக்கச் செடி இது.

2. முளைத்து ஒரு மாதம் போனாலே பூக்கத் தொடங்கும்; ஒரு செடி 10,000-க்கும் மேல் விதை போடும். ஆகவே பூக்கும் முன் பிடுங்குவதுதான் வைத்தியம், மற்றதெல்லாம் ஒப்பேற்றல். குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு; எனவே வருஷத்துக்கு இரண்டு தடவையாவது விளையைச் சுற்றி வரவேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வரும். அரிவாளால் அறுத்துவிட்டால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

3. கையுறை இல்லையா? கையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை, மூக்கைச் சுற்றித் துவர்த்து. காற்று எழும் முன் காலையிலேயே முடித்துவிட்டுக் குளியுங்கள். ஏற்கெனவே மூச்சிரைப்போ தோல் அரிப்போ உள்ளவர்கள் பக்கத்திலேயே போகவேண்டாம்.

4. பூக்காத செடியைச் சாணிக் கரைசல் தெளித்து உரக்குழியில் போடலாம். பூத்ததைச் சாக்கில் கட்டி ஆழப் புதைக்கவும். எரித்தால் புகையும் தொல்லை.

5. கல் இடுக்கு, மதிலோரம் போன்ற இடங்களில் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்பு கரைத்து, வெயில் நேரத்தில் இலை நனையத் தெளித்தால் கருகும். புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பே போதும். வாழை, தென்னை மூட்டில் மட்டும் வேண்டாம்.

6. மாட்டுக்கு வாங்கும் புல்லுக்கட்டைப் பிரித்துப் பாருங்கள். இது கலந்திருந்தால் பால் கசக்கும்.

7. ஒரு தம்ளர் காய்ச்சி ஆறிய நீரில் கால் தேக்கரண்டி உப்பு கலந்து மூக்கைக் கழுவினால் அடைப்பு இளகும். காற்று நாட்களில் துணியை உள்ளே காயவிடுங்கள். இரைப்பு வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போய்விடவேண்டும்.

8. கேந்தி, செவ்வந்தி, சூரியகாந்தி மூன்றும் இதே குடும்பம். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு இவையும் அரிக்கும். ஓணத்துக்குத் தோவாளைச் சந்தையில் கேந்தி வாங்கி அத்தப்பூ போடும் வீடுகளில், இதழ் பிய்க்கும் வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள். பிச்சிப்பூ கட்டுவதற்குத் தடையில்லை. அது வேறு குடும்பம்.