வெண்பனி மூடிய பாதையில் வானூர்தி இறங்குமாறு

திருகோணமலையில் வெண்பனி பெய்வதில்லை. ஆயினும், பனி மூடிய ஓடுபாதையிற் சிறு வானூர்தியை இறக்குவோனுக்கு நேரும் இடர்கள் இரண்டும் எமது துறைமுகத்துக்குப் புதியன அல்ல. கண்ணை ஏமாற்றும் பரப்பு ஒன்று. சில்லுக்குப் பிடிகொடாத தரை மற்றொன்று. பழைய மாணவர் பலர் கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் இந்நாளில், வகுப்பறைப் பௌதிகத்தைத் துணைக்கொண்டு இதனை ஆராயப் புகுகின்றோம்.

வாடைக்கும் கச்சானுக்கும் இடைப்பட்ட நாட்களில், காற்றடங்கிய காலையில் உட்துறைமுகம் கண்ணாடி போற் கிடப்பதை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். எமக்கு இன்பந் தரும் அக்காட்சி கடல்விமானிக்கு அச்சந் தருவது. அலையற்ற நீர் எவ்வளவு கீழே உள்ளதென்று கணிக்க அவனுக்கு ஓர் அடையாளமும் இல்லை. உயரத்தில் நிற்கும்போதே தொட்டுவிட்டதாக மயங்குவான். தொடுந் தறுவாயில் இன்னும் உயரம் உண்டென நம்புவான். 1942 ஓகஸ்டிற் சீனன்குடாவில் அமைக்கப்பட்ட 321ஆவது படையணியின் ஒல்லாந்த விமானிகள் கற்றலீனாப் பறக்கும் படகுகளைச் செலுத்தியவர்கள். இம்மயக்கம் அவர்தம் தொழிலோடு பிறந்தது.

முகில் மூடிய பகலிற் புதுப்பனி விரிந்த நிலமும் அத்தகையதே. நிழல் இல்லை, மேடுபள்ளம் தெரியாது, வானும் தரையும் ஒரே வெண்மை. இரண்டுக்கும் மருந்தும் ஒன்றே. விமானி மூக்கைச் சிறிது உயர்த்தி, இயந்திர விசையை ஓரளவு நிலைநிறுத்தி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 அடி வீதம் இறங்கிக்கொண்டே, தரை தானே வந்து தொடும்வரை பொறுத்திருப்பான். பக்கத்தே மரவரிசையோ கரையோ இருப்பின் அதனையே கண்ணுக்குத் துணையாகக் கொள்வான். இம்முறை நீண்ட பாதையை விழுங்கும் என்பது உண்மை.

அங்கேதான் இரண்டாம் இடர் காத்திருக்கிறது. தடுப்பினால் மட்டும் நிற்கும் வண்டியின் நிறுத்தத் தூரம், வேகத்தின் வர்க்கத்தை உராய்வுக் குணகத்தினதும் புவியீர்ப்பு ஆர்முடுகலினதும் பெருக்கத்தின் இருமடங்கால் வகுக்கக் கிடைப்பது. 60 நொட், அதாவது செக்கனுக்கு 31 மீற்றர் வேகத்தில், குணகம் 0.5 ஆயின் தூரம் 98 மீற்றர். வழுக்கும் பனியில் அது 0.1 ஆகக் குறைந்தால் 490 மீற்றர். வேகம் பத்திலொன்று கூடினாலோ, தூரம் ஐந்திலொன்றுக்கும் மேலாக நீளும். ஆகவே வேண்டிய வேகத்துக்கு மேல் ஒரு நொட்டேனும் கொண்டு வருதல் தகாது.

நீரும் பனிச்சேறும் தேங்கிய பாதையில் ரயர் தரையை விட்டு மிதப்பதும் உண்டு. ரயரின் அமுக்கத்தைச் சதுர அங்குலத்துக்கு இறாத்தலில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9ஆற் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் நொட்டில் வரும். அமுக்கம் 25 எனின் வேகம் 45. பெருவிமானத்தின் விறைத்த ரயரைக் காட்டிலும் சிறு வானூர்தியின் மெல்லிய ரயர் குறைந்த வேகத்திலேயே மிதக்கும் என்பது பலர் எதிர்பாராதது. மாரிமழையிற் சீனன்குடாவில் இறங்கப் பழகும் விமானப்படைப் பயிலுநருக்கு இச்சூத்திரம் ஏட்டுச்சுரைக்காய் அன்று.

ஆழ்பனியில் மூக்குச்சில்லைப் பதியவிட்டால் ஊர்தி குப்புறக் கவிழலாம். ஆதலின் பின்சில்லுகளில் இறங்கி, மூக்கை இயன்றவரை தூக்கிப் பிடித்து, தடுப்பைத் தொடாது சுக்கானாலே நேர்செலுத்துவர். சில்லுக்குப் பதிலாகச் சறுக்குக்கட்டை பூட்டியோர் உறைந்த ஏரிகளில் இன்னொரு சோதனையும் செய்வர்: கட்டைகளைப் பனியில் உராயவிட்டு, நில்லாது மேலெழுந்து, வட்டமிட்டு வந்து தடத்தைப் பார்ப்பர். தடம் கருத்திருந்தால் பனிக்கடியில் நீர் உண்டு, அங்கே இறங்கார். இறங்கியபின் கட்டைகள் பனியோடு உறைந்து ஒட்டாதவாறு, அவற்றின்கீழ் மரக்கிளைகளை இட்டபின்னரே இரவு உறங்கச் செல்வர்.